ஆகஸ்டில் கலைந்துபோகும் வகுப்பறை

கேள்வி:

ஈரோடு மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். இது எனக்கு மூன்றாவது ஆண்டு. ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியை நான்கு, ஐந்தாம் வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒன்று முதல் மூன்று வரை 27 குழந்தைகள் ஒரே அறையில் என்னிடம். ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் கைக்காசைப் போட்டு அறையை அலங்கரிக்கிறேன். ஜூனில் பார்ப்பவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆகஸ்ட் வந்தால் எல்லாம் கலைந்துவிடுகிறது. பென்சில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. திருத்தாத நோட்டுகள் மேசையில் குவிகின்றன. தரை முழுக்கக் காகிதம். சனிக்கிழமைகளில் வந்து நானே சுத்தம் செய்கிறேன், திங்கள் மதியத்துக்குள் பழையபடி ஆகிவிடுகிறது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் சாயங்காலம் நான் சொல்லாமலே என்னோடு நின்று காகிதம் பொறுக்குவாள். அவளைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வந்துவிடுகிறது. ஆண்டு முழுக்க ஓர் அறையை ஒழுங்காக வைத்திருக்க முடியுமா? குறை என்னிடம்தானா?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறை உங்களிடம் இல்லை. ஜூனில் அந்த அறையை நீங்கள் தனியாக அடுக்கினீர்கள், அதனால்தான் ஆகஸ்டில் அது உங்கள் கையை மீறிப் போகிறது. எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பது உங்கள் ஒருவர் மனதில்தான் இருக்கிறது. 27 குழந்தைகள் எடுத்துப் போடுவதை ஒருவர் நினைவில் வைத்துத் திருப்பி அடுக்குவது யாராலும் ஆகாது. நான் 34 ஆண்டுகள் வகுப்பறையில் இருந்தவள். அதில் முதல் பல ஆண்டுகள் நீங்கள் செய்வதையேதான் செய்தேன், சனிக்கிழமை உட்பட.

எனக்குப் புரிய வைத்தது செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது அது. நீங்கள் அப்போது மாணவியாகவே இருந்திருப்பீர்கள். பாடம் முழுவதையும் அட்டைகளாகப் பிரித்து, அட்டைகளைத் தட்டுகளில் வைத்து, குழந்தையே போய் எடுத்து வந்து செய்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். அந்த முறையின் நல்லது கெட்டது பற்றி ஆசிரியர்களுக்குள் எத்தனையோ வாதம் நடந்தது. அதற்குள் இப்போது போக வேண்டாம். என் கண்ணில் பட்டது வேறு ஒன்று. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சின்னம் இருக்கும், அதே சின்னம் தட்டிலும் இருக்கும். 'அ' எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புக் குழந்தை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அலமாரி முன்னால் நிற்கும், படத்தைப் படத்தோடு பொருத்தும், சரியான தட்டில் வைக்கும். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. அத்தனை அட்டைகள் புழங்கிய அறையில் சாயங்காலம் நான் பொறுக்கி அடுக்க வேண்டியிருந்தது மிகவும் கொஞ்சம். அதற்கு முன்னால் என் அறையில் நான் அழகான கையெழுத்தில் 'வண்ணப் பென்சில்கள்', 'கணித உபகரணங்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த அறையில் நானும் ஏழெட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும்தான்!

ஆகவே என் ஆலோசனை முழுவதும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. குழந்தையின் கை எட்டுகிற உயரத்தில், அதன் கண்ணுக்குப் புரிகிற அடையாளத்தோடு பொருள் இருக்க வேண்டும். திரும்ப வைக்க அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அறை தன்னைத்தானே பாதி காத்துக்கொள்ளும். மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரத்தில் ஏழைக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளியிலேயே சிறிய மேசை நாற்காலி, தாழ்வான அலமாரி என்று ஆரம்பித்துவிட்டார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஊர் ஆசிரியர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். விஷயம் புதிதில்லை. நம் பள்ளிகளில் இன்னமும் பொருள்கள் பூட்டிய பீரோவுக்குள் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் அலங்காரம் பற்றி. கைக்காசு போட்டு அலங்கரிக்கும் உங்கள் மனது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பணத்தில் முக்கால்வாசியை அடுத்த ஆண்டு மிச்சம் பிடியுங்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மழலையர் வகுப்புக் குழந்தைகள் 24 பேருக்குச் சில பாடங்களைச் சுவர் முழுக்கப் படங்கள் ஒட்டிய அறையிலும், சில பாடங்களை வெறுஞ்சுவர் அறையிலும் நடத்தினார்கள். வெறுஞ்சுவர் அறையில் படித்ததில் 55 சதவீதம் சரியாகப் பதில் சொன்ன பிள்ளைகள், அலங்கரித்த அறையில் படித்ததில் 42 சதவீதம்தான் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான், ஒரே ஆய்வை வைத்துச் சுவரையெல்லாம் உரித்துவிடச் சொல்லவில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளோடு இருந்த எவருக்கும் அது சொல்வது தெரிந்ததுதான். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு மயில் படம் இருந்தால் பாதி வகுப்பு மயிலைத்தான் பார்க்கும்.

ஜூனில் சுவர் காலியாகவே இருக்கட்டும். பாடம் வரும்போது அதற்கான சார்ட் வரட்டும், பாடம் முடிந்ததும் இறங்கட்டும். சுவரில் பசை போட்டு ஒட்டாதீர்கள். பசை காய்ந்து ஓரம் தொங்க ஆரம்பிக்கும் நாளில்தான் அறை கலைய ஆரம்பிக்கிறது. இரண்டு ஆணிக்கு நடுவில் ஒரு கயிறு, துணி காயப்போடும் கிளிப் இருபது, அவ்வளவு போதும். குழந்தைகள் வரைந்ததை அவர்களே தொங்கவிடலாம், அவர்களே எடுக்கலாம். கயிறு அவர்கள் கைக்கு எட்ட வேண்டும். செயல்வழிக் கற்றல் நாட்களில் தலைக்கு மேலே கம்பி கட்டி ஓவியங்களைத் தொங்கவிட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்று கீழே விழுந்தால் மாட்டுவதற்கு நான்தான் நாற்காலி மேல் ஏற வேண்டியிருந்தது. இறக்கிய சார்ட்டுகளைச் சுருட்டி வைத்தால் எலியும் கரையானும் விருந்து வைத்துக்கொள்ளும். இரண்டு பெரிய அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வைத்துக் கட்டி, பீரோவின் மேலே வையுங்கள்.

அடுத்தது, அறையில் இருக்கும் பொருள்களின் எண்ணிக்கை. எழுதும்போதே உங்கள் அறை என் கண் முன்னால் நிற்கிறது. ஒரு மூலையில் கால் உடைந்த பெஞ்சு, பீரோவுக்கு மேலே முன்னாள் ஆசிரியர் செய்துவைத்த தெர்மாகோல் மாதிரிகள், மூன்று ஆண்டுக்கு முந்திய தேர்வுத் தாள்கள், மூடி இல்லாத பக்கெட். அரசுப் பள்ளியில் எதையும் தூக்கி எறிய முடியாது என்பது உண்மை. தளவாடச் சாமான்கள் பதிவேட்டில் ஏறிய பொருளைத் தலைமை ஆசிரியரைக் கேட்காமல் தொடவும் வேண்டாம். ஆனால் அந்தப் பதிவேட்டை அவரோடு உட்கார்ந்து ஒருநாள் பாருங்கள். உங்கள் அறையில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதெல்லாம் போகலாம். பதிவேட்டில் இருக்கும் உடைசல்களை ஒரே இடத்தில் சேர்த்து, முறைப்படி கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடலாம். அது நடக்க நாளாகும், நடக்கும்வரை குழந்தைகள் நடமாடும் பக்கம் அவை இல்லாமல் இருந்தால் சரி.

இப்போது பென்சில். உங்கள் கடிதத்தில் 'ஒன்றுகூட மிஞ்சுவதில்லை' என்ற வரியைப் பார்த்ததும் சிறிது நேரம் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டோ ஐந்தாம் ஆண்டோ, வகுப்புக்குப் பொதுவாக வாங்கிய மர ஸ்கேல் ஒன்று காணாமல் போனது. அதற்கு முந்தைய வாரம் பென்சில்கள் நான்கைந்து போயிருந்தன. ஒரு பையன்மேல் எனக்குச் சந்தேகம். வீட்டில் கஷ்டம் என்று தெரியும், அந்தக் கஷ்டத்தை வைத்தே சந்தேகப்பட்டேன். எல்லோர் முன்னாலும் அவன் பையைக் கொட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அரையாண்டு விடுமுறைக்கு முன் பீரோவை நகர்த்தியபோது சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் ஸ்கேலும் இருந்தது, ஏழு பென்சிலும் இருந்தன. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். 'பரவாயில்ல டீச்சர்' என்றான். அந்தப் 'பரவாயில்ல' எனக்கு இன்றுவரை ஆறவில்லை. வகுப்பறை ஒழுங்கு என்று நான் இத்தனை பிடிவாதமாகப் பேசுவதற்கு அதுதான் காரணம். பொருள் காணாமல் போகிற அறையில் முதலில் சந்தேகத்துக்கு ஆளாவது ஏழைக் குழந்தைதான்.

பென்சிலுக்கு நான் பிறகு செய்தது இது. ஊரில் தச்சு வேலை செய்பவர் ஒருவரிடம் ஒரு முழ நீள ரீப்பர் கட்டை வாங்கி, அதில் பத்துத் துளைகள் போடச் சொன்னேன். பத்துத் துளை, பத்துப் பென்சில். ஒன்று குறைந்தால் துளை காலியாகத் தெரியும், எண்ணவே வேண்டாம். டப்பாவில் போட்டு வைத்தால் பத்து ஏழானது யாருக்கும் தெரியாது, ஏழு மூன்றாகும்போதுதான் தெரியும், அதற்குள் ஒரு மாதம் ஓடியிருக்கும். உங்களுக்கு 27 பேர். அப்படி மூன்று கட்டைகள் செய்துகொள்ளுங்கள், வகுப்புக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பென்சிலின் அடிப்பாகத்திலும் அதே நிறத்தில் ஒரு கோடு. இவை வகுப்பில் மட்டும் புழங்குபவை. வீட்டிலிருந்து கொண்டுவரும் பென்சில் அவரவர் பையில் இருக்கட்டும். பென்சில் சீவுவதற்கு ஓர் இடம் வேண்டும். ஜன்னல் கம்பியில் ஒரு ஷார்ப்பனரை நூலில் கட்டித் தொங்கவிட்டு அதற்கு நேர் கீழே ஒரு தகர டப்பா வையுங்கள். தரையில் கிடக்கும் குப்பையில் பாதி பென்சில் சீவல்தான், அது அந்த டப்பாவுக்குள் போய்விடும். ரப்பர் மட்டும் எனக்குக் கடைசிவரை அகப்படவில்லை. எத்தனை ஏற்பாடு செய்தாலும் ரப்பர் உருண்டு ஓடிவிடும். அதற்கு ஒரு வழி யாராவது கண்டுபிடித்தால் எழுதுங்கள்.

வாசலுக்கு வருவோம். 27 ஜோடிச் செருப்பும் 27 பைகளும் தட்டும் தம்ளரும் ஒரே வழியாக உள்ளே வருகின்றன. செருப்புக்கு வராந்தாவில் வெள்ளைப் பெயின்டால் ஜோடி ஜோடியாகப் பாதம் வரைந்துவிடுங்கள். பிள்ளைகள் அதில் சரியாக வைத்துப் பார்ப்பதையே விளையாட்டாகச் செய்வார்கள். பைகளைத் தரையில் விட்டால் நடக்க இடமிருக்காது, சுவரில் ஒரு மரச்சட்டம் அடித்து வரிசையாகக் கொக்கி போடுங்கள். கொக்கிக்கு மேல் பெயருக்குப் பதில் படம். முதல் நாள் ஒவ்வொரு குழந்தையும் தனக்கு ஒரு படம் தேர்ந்தெடுத்து வரையட்டும், மாம்பழம், ஆட்டுக்குட்டி, பம்பரம் என்று. அந்தப் படமே ஆண்டு முழுக்க அந்தக் குழந்தையின் அடையாளம். நோட்டு அட்டையிலும் அதுதான், வேலைப் பட்டியலிலும் அதுதான். தட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. காலை உணவு, மதிய உணவு இரண்டுக்கும் தட்டு கழுவி ஈரத்தோடு பைக்குள் போகிறது, புத்தகமும் நோட்டும் ஊறிப் போகின்றன. நோட்டின் கீழ் ஓரம் சுருண்டு கிழிவதற்கு நாம் குழந்தையைத் திட்டுகிறோம், காரணம் அந்த ஈரத் தட்டு. வராந்தாவில் ஒரு கம்பிக் கூடை வையுங்கள். தட்டு அதில் நிமிர்ந்து நின்று காயட்டும், வீட்டுக்குப் போகும்போது பைக்குள் போகட்டும்.

திருத்தாத நோட்டுக் குவியலுக்கு வருகிறேன். அது ஒழுங்குப் பிரச்சினை என்று நினைக்கிறீர்கள். அது கணக்குப் பிரச்சினை. 27 பேர், ஒரு நாளைக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று மூன்று நோட்டு என்றாலே 81 நோட்டு. ஒன்றுக்கு ஒரு நிமிடம் வைத்தால்கூட ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். உங்களிடம் அந்த நேரம் கிடையாது. எனவே மேசைமேல் எல்லா நோட்டும் வரக் கூடாது. பெரும்பாலானவற்றைக் குழந்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். தவறைச் சொல்லித் திருத்த அதைவிட நல்ல நேரம் கிடையாது. மேசைக்கு வருவது ஒரு நாளைக்கு ஒன்பது நோட்டு. மூன்று நாளில் ஒரு சுற்று. வாசிக்கவும் கணக்குப் போடவும் அடிப்படையைக் கற்றுக்கொடுக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' முறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் உங்களுக்கு இருக்கின்றன, ஆனால் இந்த ஒன்பது பேரை அந்த நிலைகளை வைத்துப் பிரிக்காதீர்கள், கலந்தே பிரியுங்கள். 'இன்றைக்கு அரும்பு நோட்டு எல்லாம் கொண்டு வாங்க' என்று வாரம் இரண்டு முறை சத்தமாகச் சொன்னால் அந்தப் பெயர் பிள்ளைகளின் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. நோட்டை மூடிக் கொடுக்க விடாதீர்கள். திருத்த வேண்டிய பக்கத்தைத் திறந்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடையில் வைக்கச் சொல்லுங்கள். பக்கம் தேடும் நேரம் மிச்சம். கூடை இரண்டு வேண்டும், வருவதற்கு ஒன்று, திருத்தியதற்கு ஒன்று. திருத்தியதை எடுத்துக் கொடுப்பது ஒரு குழந்தையின் வேலை. உங்கள் மேசைமேல் நோட்டு என்ற ஒன்று இருக்கவே கூடாது. வருகைப் பதிவேடு, ஆசிரியர் கையேடு, தண்ணீர் பாட்டில் போதும்.

சரி, நேரம். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், இதைத்தான் யாரும் கொடுப்பதில்லை. மணி அடிக்கும்வரை பாடம் நடத்திவிட்டு, மணி அடித்ததும் 'எடுத்து வைங்க, எடுத்து வைங்க' என்று கத்தினால் எந்தக் குழந்தை எடுத்து வைக்கும்? வெளியே அம்மா நிற்கிறாள், தம்பி கூப்பிடுகிறான். மதிய மணிக்கு முன்னால் இரண்டு நிமிடம், சாயங்கால மணிக்கு முன்னால் ஐந்து நிமிடம், ஆக ஏழு நிமிடத்தைப் பாடத்திலிருந்து வெட்டி ஒதுக்குங்கள். பாட நேரம் போகிறதே என்று பயப்பட வேண்டாம். காலையில் பென்சில் தேடுவதிலும் நோட்டு தேடுவதிலும் அதைவிட அதிகம் போகிறது.

அந்த ஏழு நிமிடம் தொடங்குவதற்கு ஓர் அடையாளம் வேண்டும், அது உங்கள் தொண்டையாக இருக்கக் கூடாது. நான் பாட்டு வைத்திருந்தேன். ஒரு குழந்தை தொடங்கும், மற்றவை சேர்ந்துகொள்ளும், பாட்டு முடிவதற்குள் வேலை முடியும். மூன்றாம் வகுப்பு இருப்பதால் நீங்கள் வாய்ப்பாடும் சொல்ல வைக்கலாம், இரண்டாம் வாய்ப்பாடு தொடங்கி ஐந்து முடிவதற்குள் அறை சரியாக வேண்டும் என்று. ஜூன் முதல் இரண்டு வாரம் இதையே பாடமாக நடத்துங்கள். 'எடுத்து வை' என்பது நமக்கு ஒரே வேலை, ஆறு வயதுக் குழந்தைக்கு அது பத்து வேலை. எதை, எங்கே, எப்படி, எந்தப் பக்கம் மேலே என்று தெரியாது. ஒரு குழந்தையைச் செய்துகாட்டச் சொல்லி மற்றவர்கள் பார்க்கட்டும். பிறகு எல்லோரும் செய்து பார்க்கட்டும். மூன்று நான்கு நாள் சொதப்பும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் நீங்கள் குனிந்து ஒரு காகிதம்கூட எடுக்கக் கூடாது. டீச்சர் எடுப்பார் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் ஆண்டு முழுக்க டீச்சர்தான் எடுக்க வேண்டும்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதில் நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பெண் பிள்ளைகள் கூட்டுவார்கள், பையன்கள் பெஞ்சு தூக்குவார்கள் என்ற பழக்கம் நம் பள்ளிகளில் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். விடாதீர்கள். விளக்குமாறு எல்லோர் கைக்கும் வர வேண்டும், முறை வைத்து. எந்தத் தெருவிலிருந்து வரும் குழந்தை எந்த வேலையைச் செய்கிறது என்பதையும் கவனியுங்கள். நாம் நினைக்காமலே ஒரு சில வேலைகள் ஒரு சில பிள்ளைகளிடமே போய்ச் சேர்ந்துவிடும். ஊரில் நடப்பதை வகுப்பறை திரும்ப நடத்திக் காட்டக் கூடாது. கழிப்பறை சுத்தம் செய்ய எந்தக் குழந்தையையும் அனுப்பக் கூடாது, யார் சொன்னாலும். வேலைப் பட்டியலை ஓர் அட்டையில் வரையுங்கள், கூட்டுவது, கரும்பலகை துடைப்பது, பென்சில் கட்டை பார்ப்பது, புத்தக மூலை, தட்டுக் கூடை என்று படமாக. அதில் குழந்தையின் படம் ஒட்டிய கிளிப்பை மாட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளிப்புகள் ஒவ்வோர் இடம் நகரட்டும். ஒரு வாரம் போதாது, சின்னப் பிள்ளைகளுக்கு வேலை பழகவே ஒரு வாரம் ஆகிவிடும்.

ஆண்டு முழுக்க என்று கேட்டிருந்தீர்கள். ஜூனில் போட்ட ஏற்பாடு ஏப்ரல்வரை அப்படியே ஓடாது, ஓட வேண்டியதும் இல்லை. நம் ஆண்டில் இரண்டு இடங்களில் இயல்பாகவே ஒரு நிறுத்தம் வருகிறது. காலாண்டுத் தேர்வு விடுமுறையும் ஆயுத பூஜையும் ஒட்டி வருவது ஒன்று. முதல் பருவப் புத்தகங்களும் பயிற்சி நூல்களும் அப்போது வீட்டுக்குப் போய்விட வேண்டும், இரண்டாம் பருவத்துக்கு அலமாரி காலியாக வேண்டும். கையோடு வடகிழக்குப் பருவமழை வரும். மழைக்கு ஒழுகும் இடம் எது என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும், அந்தச் சுவரில் பைக் கொக்கியே அடிக்காதீர்கள். தரையில் இருக்கும் டிரங்குப் பெட்டி, புத்தகக் கட்டு எல்லாவற்றுக்கும் அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். கரையான் ஈரத்தைத் தேடித்தான் வரும். அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்கள் இருக்குமே, 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு நிலைகளில், அவற்றை மழைக்காலத்தில் அடுக்கி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். கயிற்றில் தொங்கவிடுங்கள். கண்ணில் படுகிற புத்தகத்தைத்தான் குழந்தை எடுக்கும் என்பது அதில் கிடைக்கும் கூடுதல் லாபம்.

இன்னொன்று பொங்கல் விடுமுறை. போகிக்கு முந்தைய வாரம் பிள்ளைகளிடமே கேளுங்கள், இந்த அறையில் எது வேண்டாம் என்று. நீங்கள் மூன்று நாள் கண் விழித்துச் செய்த ஏதோ ஒரு சார்ட்டை முதலில் காட்டுவார்கள். மனதைத் தேற்றிக்கொண்டு எடுத்துவிடுங்கள். எதையும் எரிக்க வேண்டாம், பழைய காகிதம் கடைக்குப் போனால் இரண்டு ஷார்ப்பனர் வரும்.

தேர்தல் வந்தால் அறை வாக்குச்சாவடி ஆகும், தடுப்பூசி முகாம் ஆகும், கூட்டங்களுக்குக் கேட்பார்கள். திரும்பி வந்து பார்த்தால் நம் அறையா என்று இருக்கும். என்ன எங்கே இருந்தது என்று பெஞ்சு கால்களுக்குத் தரையில் பெயின்டால் சின்னப் புள்ளி வைத்துவிடுங்கள். அன்றைக்கு முந்தின நாள் கயிறு, கிளிப், பென்சில் கட்டை எல்லாம் ஒரே டிரங்குப் பெட்டிக்குள் போகட்டும். மறுநாள் காலை அரை மணி நேரத்தில் பிள்ளைகளே பழையபடி ஆக்கிவிடுவார்கள்.

தலைமை ஆசிரியை பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போகும் நாட்களில் ஐந்து வகுப்பும் உங்கள் தலையில் விழும். அந்த நாட்களில் அறை எப்படி இருக்கிறது என்று பார்க்கவே பார்க்காதீர்கள். சாயங்காலம் அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேற்பார்வைக்கு அதிகாரி வந்து பார்க்கும்போது தரையில் நாலு காகிதம் கிடந்தால் கிடக்கட்டும். பிரிக்காத உபகரணப் பெட்டியோடு பளபளவென்று இருக்கும் அறையைவிட, கை பட்டுத் தேய்ந்த அட்டைகள் இருக்கும் அறைதான் நல்ல அறை.

இதையெல்லாம் அடுத்த ஜூனுக்குத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே பென்சில் கட்டையும் சாயங்கால ஐந்து நிமிடமும் போதும், மற்றவை காலாண்டு விடுமுறைக்குப் பிறகு ஒவ்வொன்றாக. சனிக்கிழமை பள்ளிக்குப் போவதை நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் அந்த இரண்டாம் வகுப்புப் பெண். அவளைப் பார்த்து அழ வேண்டாம். எந்தக் காகிதம் எங்கிருந்து வருகிறது, எந்தப் பெஞ்சுக்குக் கீழே பென்சில் உருளும் என்று உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவள் கண் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு அவளோடும் இன்னும் இரண்டு பேரோடும் தரையில் உட்காருங்கள். பென்சில் கட்டையை எங்கே வைக்கலாம் என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் காட்டும் இடத்தில் ஆணி அடியுங்கள்.